அப்பாவின் பழைய லேப்டாப்பை லினக்ஸுக்கு மாற்றிய கதை

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன், நாள் முழுக்க டேலியும் எக்செலும்தான். அதனால் இதை ஒரு நிபுணரின் பதிவு என்று நினைத்துப் படிக்காதீர்கள். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த ஒருத்தி பொங்கல் லீவில் என்ன செய்தாள், எங்கே சொதப்பினாள் என்பதுதான் விஷயம்.

லேப்டாப் அப்பாவுடையது. 2016இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை கோர் ஐ3, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. மந்தைவெளி வீட்டு ஹாலில், அப்பாவின் ஈசிசேர் பக்கத்து ஸ்டூலில் பத்து வருஷமாக அதே இடம். காலையில் அப்பா பவர் பட்டனை அமுக்கிவிட்டு பால் அடுப்பில் வைப்பார். பால் பொங்கி, டிகாக்‌ஷன் இறங்கி, காபி கலந்து, ஹிண்டு முதல் பக்கம் முடிந்து வந்து பார்த்தாலும் அந்தப் புள்ளிகள் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். நானே ஒருநாள் போனில் நேரம் வைத்துப் பார்த்தேன்: வேர்டில் ஒரு கடிதத்தைத் திறக்க 7 நிமிடம். டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் சிவப்பாக நின்றது, சிபியு பாட்டுக்குச் சும்மா இருந்தது. இந்த ஒரு வரியைப் படித்துப் புரிந்துகொண்டிருந்தால் அஞ்சு வருஷம் முன்னாடியே இந்த வேலையை முடித்திருக்கலாம்.

அப்பாவுக்கு மெதுவாக இருந்ததில் குறை இல்லை, அவருக்கு அவசரமே கிடையாது. அவரைப் பயமுறுத்தியது திரையில் வந்த அறிவிப்பு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது இல்லையா, அதைச் சொல்லும் பெட்டி வந்ததும் "ஏம்மா, இது இனிமே ஓடாதா?" என்று ஆபீஸுக்கே போன் பண்ணிவிட்டார். ஓடும்பா, பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான் வராது என்று சொன்னேன். அவருக்கு அந்த "மட்டும்" பிடிபடவில்லை. சரி, யாருக்குத்தான் பிடிபடுகிறது? எக்ஸ்பிக்கு 2014இல், விண்டோஸ் 7க்கு 2020இல் இதேதான் நடந்தது, இரண்டு தடவையும் எங்கள் ஆபீஸில் ஒரு வருஷம் அப்படியே ஓட்டினோம். அது சரி என்று சொல்ல வரவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால் இந்த மெஷின் தேறாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்பார்கள். ஆறாம் தலைமுறைக்கு வாசலிலேயே நோ. சுற்றி வளைத்து ஏற்றும் வழிகள் உண்டு, ஆனால் அப்பா புழங்குகிற மெஷினில் எனக்கு அந்த மாதிரி சர்க்கஸ் வேண்டாம். நீட்டிக்கப்பட்ட அப்டேட் வாங்கினாலும் வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரைதான். பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடையில் காட்டினேன், திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு வீக் மேடம், புதுசு எடுத்துருங்க, நாப்பதுக்குள்ள முடிச்சுத் தர்றேன்" என்றார்கள். போர்டு வீக் என்பது டாக்டர்கள் சொல்லும் "கேஸ் ட்ரபிள்" மாதிரி, எதற்கும் பொருந்தும்.

லினக்ஸ், அதாவது விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச இயங்குதளம், எனக்கு முழுசாகப் புதுசு இல்லை. 2011இல் அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச மடிக்கணினி என் சித்தி பையனுக்கு வந்தது, அதில் விண்டோஸ் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸும் இருந்தது. நம்ம சென்னையில் இருக்கிற சி-டாக் என்ற மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனம் செய்த சிஸ்டம் அது. அதை எங்கள் தெருவில் யாரும் ஒரு தடவைக்கு மேல் திறந்ததில்லை, எல்லாப் பையன்களும் முதல் வாரத்திலேயே அழித்துவிட்டு அந்த இடத்தில் படம் ஏற்றினார்கள். நானும்தான் ஒரு லேப்டாப்பில் அழித்துக் கொடுத்தேன். அந்தப் பாவத்துக்கு இது பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை ஆரம்பிக்கும் முன் காப்பு. அப்பாவின் கடிதங்கள், பென்ஷன் ஸ்கேன்கள், அம்மாவின் போட்டோக்கள் எல்லாம் சேர்ந்து 38 ஜிபி. எல்லாம் டெஸ்க்டாப்பிலேயே, ஐகான் மேல் ஐகானாக. பென்டிரைவில் ஒரு பிரதி, என் லேப்டாப்பில் ஒரு பிரதி எடுத்தேன். ஒரு சின்ன விஷயம், யாருக்காவது உதவும்: விண்டோஸில் கடைசியாக ஷட்டவுன் கொடுக்கும்போது ஷிஃப்ட் விசையை அமுக்கிக்கொண்டே கொடுங்கள். சும்மா கொடுத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாட்டால் அது முழுசாக அணையாமல் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், அப்புறம் அந்த டிஸ்க்கை வெளியே எடுத்து லினக்ஸில் செருகினால் எழுத விடாது, படிக்க மட்டும்தான் விடும்.

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தேன். 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற, சுற்றும் தகடு இல்லாத வேகமான டிஸ்க்) 2,100 ரூபாய். பழைய ஹார்ட் டிஸ்க்கைப் போட ஒரு யுஎஸ்பி கேஸ் 300. அதோடு நிறுத்தியிருக்கலாம். ரேமும் போட்டுவிடுவோம் என்று பேராசை, ரேம் விலை தாறுமாறாக ஏறிக் கிடக்கிற நேரம் வேறு, ஒரு கடையில் செகண்ட் ஹேண்ட் 4 ஜிபி கிடைத்தது. "டிடிஆர் ஃபோர் தானேக்கா?" என்று அந்தத் தம்பி ரேமின் வகையைக் கேட்டான், 2016 மெஷின் என்றால் ஃபோராகத்தான் இருக்கும் என்று நானாகவே முடிவு பண்ணித் தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து மெஷினைக் கவிழ்த்துப் போட்டேன். கண்ணுக்குத் தெரிந்த திருகாணி பதினொன்று. பதினொன்றையும் எடுத்தும் அடிமூடி அசையவில்லை. நெம்பாதே, நெம்பாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தடவிப் பார்த்தால் பின்பக்க ரப்பர் கால் இரண்டுக்கும் அடியில் ஆளுக்கொன்று ஒளிந்திருந்தது. ரப்பரை நகத்தால் கிளப்பினால் வந்துவிடும், பசை காய்ந்திருந்தால் ஹேர் டிரையர் காட்டுங்கள். திருகாணிகளின் நீளம் எல்லாம் ஒன்றில்லை, நீளமானதைக் குட்டையின் இடத்தில் முறுக்கினால் மேல்பக்கம் கீபோர்டு அருகில் புடைத்துக்கொள்ளும். அதனால் அப்பாவின் மாத்திரை டப்பாவை, திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு அறை இருக்குமே, அதை வாங்கி மேல்வரிசைத் திருகாணி திங்கள், நடு வரிசை செவ்வாய், ரப்பருக்கடியில் இருந்தது புதன் என்று போட்டு வைத்தேன். அன்றைக்கு அப்பாவின் பிரஷர் மாத்திரை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் கிடந்தது.

செல்லாத ஏடிஎம் கார்டை ஓரத்தில் விட்டு மெல்ல இழுத்ததும் டக் டக் என்று கிளிப் விட்டது. உள்ளே ஃபேன் இருந்த இடத்தில் ஃபேன் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுப் படுக்கை. பத்து வருஷத்து மந்தைவெளித் தூசி, நடுவே இரண்டு செத்த எறும்பு. இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பெயின்ட் பிரஷால் தட்டி எடுத்தேன் (பிடிக்காமல் ஊதினால் ஃபேன் கன்னாபின்னாவென்று சுற்றும், பேரிங் போய்விடும்). பேட்டரி கனெக்டரை முதலில் கழற்றிவிட்டுத்தான் இதெல்லாம்.

அப்புறம் ரேம். செருகினேன், போகவில்லை. திருப்பிப் பார்த்தேன், போகவில்லை. உள்ளே இருந்த பழைய ரேமை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இரண்டிலும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பது தெரிந்தது. இந்த மெஷின் எடுப்பது டிடிஆர்3எல், 204 பின். நான் வாங்கி வந்தது 260 பின். வருஷத்தை வைத்து ஊகிக்காமல் பழைய ரேமைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதுதான் முறை என்று எல்லாரும் சொல்வார்கள், எனக்கும் தெரியும், செய்யவில்லை. திங்கட்கிழமை மறுபடி அதே ரயில். அந்தத் தம்பி முகம் கோணாமல் மாற்றிக் கொடுத்தான், அதுவும் 150 ரூபாய் குறைவாக.

இப்போது ஒரு சோதனை செய்தேன், இதைத்தான் இந்தப் பதிவில் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். லினக்ஸ் போடுவதற்கு முன்னால் புது எஸ்எஸ்டியில் அதே விண்டோஸ் 10ஐப் புதிதாக ஏற்றிப் பார்த்தேன். அதே மெஷின் என்பதால் உரிமம் தானாகவே ஏறிக்கொண்டது. 7 நிமிடம் எடுத்த மெஷின் 35 விநாடியில் தயார். ஆக அஞ்சு வருஷமாக நாங்கள் "விண்டோஸ் மோசம்" என்று திட்டியதெல்லாம் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றிக்கொண்டிருந்த ஒரு தகட்டைத்தான். லினக்ஸ் போட்டதும் பழைய மெஷின் பறக்கிறது என்று பேசுகிறவர்களில் எத்தனை பேர் அதே நாளில் எஸ்எஸ்டியும் மாற்றினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான் லினக்ஸுக்கு எதிரி இல்லை, அடுத்த நாள் நானே அதைத்தான் போட்டேன். ஆனால் வேகத்துக்காக இல்லை. அப்பா வங்கி வேலையெல்லாம் பார்க்கிற மெஷினில் அப்டேட் வராத சிஸ்டம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் காரணம்.

லினக்ஸில் பல வகை உண்டு, நான் எடுத்தது லினக்ஸ் மின்ட் 22 வரிசை, சினமன் பதிப்பு. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பு மேல் கட்டியது, 2029 வரை ஆதரவு உண்டு. டாஸ்க்பார் கீழே, மெனு இடது மூலையில், விண்டோஸ் 7 பழகியவர்களுக்கு அந்நியமாக இருக்காது. பென்டிரைவில் எழுதி, நிறுவாமலேயே அதிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம், அப்படி ஓட்டியபோது சத்தம் வந்தது, டச்பேட் வேலை செய்தது, வைஃபை மட்டும் வரவே இல்லை. நெட் இருந்தால்தான் வைஃபையை இயக்கும் மென்பொருளான டிரைவரை இறக்க முடியும், வைஃபை இருந்தால்தான் நெட். போனை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் (போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுப்பது) போட்டதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது, டிரைவர் மேலாளரைத் திறந்தால் அதுவே கண்டுபிடித்து நிறுவிக்கொண்டது. நிறுவல் பாதியில் இருக்கும்போது கரன்ட் போனது. பேட்டரி இருபது நிமிடம்தான் தாங்கும், பதினெட்டாம் நிமிடத்தில் வந்தது. அந்தப் பதினெட்டு நிமிடமும் நான் பேசவில்லை.

நிறுவி முடித்து, அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். மெனு மொழியைத் தமிழில் வைத்திருந்தேன். "கோப்பு" என்று பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது. முப்பத்திமூன்று வருஷம் அரசு அலுவலகத்தில் கோப்பு தூக்கியவர். பரவாயில்லையே, இதெல்லாம் நம்ம ஆபீஸ் பாஷைதானே என்று ஒவ்வொரு மெனுவாகத் திறந்து படித்தார். பிறகு டைப் அடிக்க ஆரம்பித்தார். அங்கேதான் நின்றது.

அப்பா மயிலாப்பூரில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் வரை முடித்தவர். கம்ப்யூட்டர் வந்தபிறகு பாமினி எழுத்துரு. பாமினி தெரியாதவர்களுக்கு: அது எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி தெரிகிற பொதுக் குறியீடான யூனிகோட் இல்லை, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ்ச் சட்டை போட்டுவிடுகிற ஏற்பாடு. அம்மா என்று திரையில் தெரிந்தால் கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். தமிழ் என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் சட்டையைக் கழற்றிய மாதிரி அதுதான் தெரியும். அப்பாவின் 340 கடிதமும் அப்படித்தான் தெரிந்தன. மனிதர் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

இதற்கு உடனடி மருந்து சுலபம். பழைய டிஸ்க்கில் இருந்த பாமினி எழுத்துருக் கோப்பை இரட்டைச் சொடுக்கு சொடுக்கி நிறுவு என்று கொடுத்தால் போதும், வேர்டுக்குப் பதிலாக லினக்ஸில் இருக்கிற லிப்ரே ஆபீஸில் எல்லாக் கடிதமும் பழையபடி தெரிந்தன. ஆனால் நான் விடவில்லை. 2010இலேயே தமிழக அரசு யூனிகோடுக்கு மாறச் சொல்லி ஆணை போட்டுவிட்டது. அப்பா 2009இல் ஓய்வு பெற்றார், ஒரு வருஷத்தில் தப்பித்தவர். இந்தக் கடிதங்களை வாட்ஸ்அப்பில் ஒட்ட முடியாது, உள்ளே தேட முடியாது, பாமினி கோப்பு காணாமல் போனால் எல்லாமே குப்பை.

தமிழில் தட்டுவதற்கு ஐபஸ் என்ற மென்பொருள், அதற்கு விசைப்பலகை அமைப்புகளைத் தரும் எம்17என் பொதி இரண்டையும் மென்பொருள் மேலாளரிலிருந்து போட்டேன். போட்டதும் ஒன்றும் நடக்காது, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால்தான் பட்டியலில் தமிழ் தெரியும், இதைத் தெரியாமல் அரைமணி நேரம் போனது. பட்டியலில் தமிழ்99, தட்டச்சு, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு எல்லாம் உண்டு. நான் தமிழ்99 ஆள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை அது, ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும், அம்மாவுக்கு நாலே தட்டு. இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்று அப்பாவிடம் ஒரு பிரசங்கமே பண்ணினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "எனக்கு எழுபத்திநாலும்மா" என்றார்.

தட்டச்சு என்பதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். எழுத்துகள் இருக்கும் இடம் ஏறத்தாழ அவர் விரலுக்குத் தெரிந்ததுதான், ஓரத்தில் சில குறிகள் மட்டும் இடம் மாறியிருந்தன. அதை ஒரு அட்டையில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டினார். இரண்டாம் நாள் சாயங்காலம் சமையலறையில் இருந்த எனக்கு அந்தப் பழைய தாளம் கேட்டது, நிறுத்தாமல், நிமிர்ந்து உட்கார்ந்து, பத்து விரலிலும் அடிக்கிற தாளம். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் எந்த சிஸ்டம் நல்லது என்று என்னிடம் யாராவது கேட்டால் இனி நான் முதலில் கேட்கப்போவது நீங்கள் எதில் டைப் அடிப்பீர்கள் என்றுதான்.

பழைய கடிதங்களை மாற்ற பொங்குதமிழ் மாற்றி, ஒட்டினால் யூனிகோடு வந்துவிடும். ஒரே தொல்லை, கடிதத்துக்கு நடுவே ஆங்கிலத்தில் இருந்த சொற்களையும் அது பாமினி என்று நினைத்து மாற்றிவிடும். ரோடு என்று ஆங்கிலத்தில் இருந்த இடமெல்லாம் "சுழயன" ஆகிவிட்டது. ஃபிளாட் எல்லாம் "கடயவ". அப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போய், இப்போது எங்கள் தெருவையே சுழயன என்றுதான் சொல்கிறார். ஒரு நாளைக்குப் பத்துக் கடிதம் என்று அவரே உட்கார்ந்து மாற்றிப் பிழை திருத்துகிறார். மழைநீர் வடிகால் பற்றி 2011இல் எழுதிய மனு ஒன்றை மாற்றிவிட்டு, தேதியை மட்டும் திருத்தினால் இப்பவே அனுப்பலாம் என்றார்.

எல்லாம் சுகம் என்று இல்லை. பழைய வேர்டு கோப்புகளில், விண்டோஸோடு வரும் லதா எழுத்துருவில் இருந்தவை லினக்ஸில் வேறு எழுத்துருவோடு திறக்கின்றன, அகலம் மாறுவதால் ஒரு பக்கக் கடிதம் அடுத்த பக்கத்தில் மூன்று வரி எட்டிப் பார்க்கிறது. ஸ்கேனர் செருகின நொடியில் வேலை செய்தது, அதே பெட்டியில் இருக்கிற பிரிண்டருக்கு ஒரு முழு சாயங்காலம் போனது, கறுப்புத் திரையில் கட்டளை தட்டாமல் முடியவில்லை. லினக்ஸ் ஆட்கள் அதை ஒரு விஷயமே இல்லை என்பார்கள். நான் பக்கத்தில் இல்லாத நாளில் அப்பாவுக்கு அது விஷயம்தான்.

என் லேப்டாப்பில் விண்டோஸ் 11தான் ஓடுகிறது, ஓடும். டேலி விண்டோஸுக்கு மட்டும்தான் வருகிறது, அது ஓடாத மெஷினை வைத்து நான் மார்ச் மாசத்தில் என்ன செய்ய? ஸ்டார்ட் மெனுவில் கேட்காததையெல்லாம் பரிந்துரைப்பதும், ஹோம் பதிப்பை முதன்முதலில் அமைக்கும்போதே நெட்டும் கணக்கும் கேட்பதும் எனக்குப் பிடிக்காதவை. ஆனால் பிரிண்டரைச் செருகினால் அச்சடிக்கிறது. இரண்டையும் தினமும் பார்க்கிற எனக்கு ஒன்றை இன்னொன்றின் மேல் ஏற்றிவைத்துச் சண்டை போடத் தோன்றவில்லை.

மொத்தச் செலவு, இரண்டு ரயில் டிக்கெட்டையும் சேர்த்தாலும் 3,500ஐத் தாண்டவில்லை. இப்போது பவர் பட்டனிலிருந்து கடிதம் திறக்கும்வரை 30 விநாடிக்குள். பழைய ஹார்ட் டிஸ்க் யுஎஸ்பி கேஸில், வாரம் ஒருமுறை காப்பு எடுக்க. காகிதத்தின் இரண்டு பக்கமும் அச்சடிக்கிற வசதி மட்டும் இன்னும் வரவில்லை, ஒற்றைப்படைப் பக்கங்களை முதலில் அடித்து, தாளைத் திருப்பி வைத்து, இரட்டைப்படையை அடிக்கிறார். அதற்கு ஒரு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கறுப்புத் திரை இல்லாத வழியாக இருந்தால் நல்லது.